பாஸ்போர்ட் தொலைந்துவிட்டது, எங்கே தொலைந்தது என்று சொல்ல முடியாத நிலை. அவசரம்

வைகைக்கரை
வணக்கம். படிக்க வந்து ஆறு வாரம் ஆகிறது. சனிக்கிழமை ராத்திரி வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு கே (தன்பால் ஈர்ப்பாளர்) டான்ஸ் பார்ட்டிக்குத் தனியாகப் போனேன். வாசலில் வயது பார்க்க அடையாள அட்டை கேட்டார்கள், பாஸ்போர்ட்டைக் காட்டினேன். காலை ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்து பார்த்தால் பாஸ்போர்ட் இல்லை. விசா அதில்தான் ஒட்டியிருக்கிறது. வீட்டில் என்னோடு இருக்கும் மூன்று பேரும் நம் ஊர்ப் பையன்கள். கிளப் வாசலில் கையில் குத்திய முத்திரையைப் பார்த்துவிட்டு ஒருவன் எங்கடா போனாய் என்று கேட்டான், வகுப்பில் ஒருவனுக்குப் பிறந்தநாள் என்று சொல்லிவிட்டேன். சோப்புப் போட்டுத் தேய்த்தும் அந்த முத்திரை இன்னும் முழுசாகப் போகவில்லை. போலீசில் எழுதிக் கொடுத்தால் எந்த இடம் என்று கேட்பார்களா? தூதரகம் வீட்டுக்குச் சொல்லுமா? அப்பாவுக்குத் தெரிந்தால் அதோடு எல்லாம் முடிந்தது. இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை.

ஸ்காபரோ மூத்தவன்
தம்பி, பயப்பட வேண்டாம். நான் 1991இல் டொராண்டோ வந்தபோது எனக்கும் இதே நெஞ்சிடிதான். இரவில் உணவகத்தில் கோப்பை கழுவும் வேலை. வேலை முடிந்து கே பார்கள் இருக்கும் சர்ச் தெருவுக்கு நடந்து போவேன். பார் வாசலில் பாட்டுச் சத்தம் கேட்கும், உள்ளே போகாமல் எதிர்ப்பக்கம் நின்றுவிட்டுத் திரும்பி வருவேன். நாலு சனிக்கிழமை அப்படியே போனது. ஐந்தாம் கிழமை பனி கொட்டியது, காலுறை முழுக்க நனைந்து வெளியே நிற்க முடியாமல்தான் உள்ளே போனேன். ஆனால் போலீசிடம் மட்டும் இடத்தைச் சொல்லாதேயும். இந்த நகரத்தில் 1981 பெப்ரவரி 5 அன்று ஒரே இரவில் கே ஆண்கள் கூடும் நான்கு குளியல் விடுதிகளுக்குள் போலீஸ் புகுந்து ஏறக்குறைய 300 ஆண்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். எங்களுக்கு முந்தின ஆட்கள் சொல்லிச் சொல்லி அந்தப் பயம் எங்களுக்கும் ஒட்டிக்கொண்டது.

தேம்ஸ்_தஞ்சாவூர்
பாஸ்போர்ட்டை ஏன் கிளப்புக்கு எடுத்துப் போகிறீர்கள்? லண்டனில் ஆறு மாதத்துக்கு மேல் தங்க விசா இருந்தால் புரொவிஷனல் லைசென்சுக்கு (வண்டி ஓட்டப் பழகுவோருக்கான உரிமம்) விண்ணப்பிக்கலாம், வாசலில் அதைக் காட்டினால் போதும். அப்புறம் முதல் தடவையே தனியாக ஏதோ ஒரு பெரிய இடத்துக்குப் போவதும் தப்பு. எங்களுக்கு இங்கே கிளப் காளி இருந்தது. 1995இல் தொடங்கிய, தெற்காசிய கே ஆட்களுக்கான ஆட்ட இரவு அது. டிஜே ரிது பங்க்ரா என்ற பஞ்சாபி ஆட்டப் பாட்டு போடுவார், புடவை கட்டிய ஆண்கள் ஆடுவார்கள், பக்கத்தில் ஐம்பது வயது பஞ்சாபிக்காரர் கோட்டைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு ஆடுவார். அந்த மாதிரி இடத்தில் தொடங்கினால் பயமே வராது. ஸ்காபரோ அண்ணன் சொல்வது பழைய கதை, போலீசுக்குத் தாராளமாகப் போகலாம்.

ஸ்காபரோ மூத்தவன்
பழைய கதை என்று லேசாகச் சொல்ல வேண்டாம் தம்பி. அதில் பெயர் வெளியே வந்து வேலையை இழந்தவர்கள் இருந்தார்கள்.

தஞ்சோங்_பகார்
ஒரு நிமிடம். தம்பி எந்த நாடு என்றே சொல்லவில்லையே? மலேசியா, துபாய் என்றால் புகாரில் அந்த இடத்தைப் பற்றி மூச்சே விடக்கூடாது. அங்கே சட்டமே எதிராக இருக்கிறது. சிங்கப்பூரில் ஆண்களுக்கு இடையிலான உறவைக் குற்றமாக்கிய 377ஏ பிரிவை நீக்க நாடாளுமன்றம் 2022 நவம்பரில்தான் ஒப்புக்கொண்டது. நீல் ரோடு பக்கம் அதற்கு முன்பும் கே பார்கள் நடந்தன, நாங்களும் போனோம், ஆனால் சட்டம் தலைக்கு மேல் தொங்கிக்கொண்டே இருந்தது. ஊரைச் சொல்லாமல் எதுவும் சொல்ல முடியாது.

கொங்கு_குயில்
எனக்கு ஆறவே இல்லை. தொலைந்தது பாஸ்போர்ட், ஆனால் இவர் பயப்படுவது கூட இருக்கும் நம் பையன்களுக்கு. ஏழாயிரம் கிலோமீட்டர் தாண்டி வந்தும் ஊர் வாட்ஸாப் குழுவைக் கூடவே தூக்கிக்கொண்டு வருகிறார்கள், யார் எத்தனை மணிக்கு வந்தான், யாரோடு நின்றான் என்று. என் வீட்டிலும் ஒருத்தி என் படத்தை என் சித்திக்கு அனுப்பினாள். ஆறு மாதம் அம்மா என்னோடு பேசவில்லை.

தேம்ஸ்_தஞ்சாவூர்
நம் ஆட்களை மட்டும் சொல்வானேன். வரிசையில் ஒன்றரை மணி நேரம் நின்ற பிறகு, முன்னால் இருந்த நாலு வெள்ளைக்காரர்களை விட்டுவிட்டு, என்னையும் நண்பனையும் மட்டும் இன்று கூட்டம் என்று திருப்பி அனுப்பினார்கள். டேட்டிங் செயலியில் ஆசியர் வேண்டாம் என்று வெளிப்படையாகவே எழுதி வைக்கிறார்கள். நம்மைச் சேர்த்துக்கொள்ளும் இடம் என்று நம்பித்தானே போகிறோம், அங்கேயும் இப்படி என்றால் வலிக்காதா?

கொங்கு_குயில்
பெண்களுக்கென்று கிளப் இரவுகள் இருப்பதே குறைவு. இருந்த ஒன்றிரண்டையும் வாடகை ஏறிவிட்டது என்று மூடுகிறார்கள். சரி, அது வேறு கதை.

ஷ்ப்ரே_அக்கா
எல்லோரும் கொஞ்சம் நிறுத்துங்கள். வைகைக்கரை, மூன்று கேள்வி. எந்த ஊர்? பையை கோட் கவுண்டரில் கொடுத்தாயா, கையில் வைத்திருந்தாயா? புகார் ஏதாவது ஏற்கெனவே கொடுத்துவிட்டாயா?

வைகைக்கரை
மன்னிக்கவும் அக்கா, பதற்றத்தில் எழுதவில்லை. பெர்லின். ஜாக்கெட்டையும் பையையும் கோட் கவுண்டரில் கொடுத்தேன், டோக்கன் வாங்கினேன். பாஸ்போர்ட்டை வாசலில் காட்டியதும் ஜாக்கெட் பையில் வைத்ததாகத்தான் ஞாபகம். புகார் எங்கும் கொடுக்கவில்லை. தூதரகத்துக்கு மட்டும் ஒரு மின்னஞ்சல் எழுதி வைத்திருக்கிறேன், இன்னும் அனுப்பவில்லை.

ஷ்ப்ரே_அக்கா
நல்ல வேளை. அதை இன்று அனுப்பாதே. தொலைந்துவிட்டது என்று தூதரகத்தில் பதிவானால் அந்தப் பாஸ்போர்ட்டை ரத்து செய்துவிடுவார்கள். நாளைக்கே கிடைத்தாலும் அதில் பயணம் போக முடியாது. உன் விசாவும் அதில்தானே இருக்கிறது.

முதலில் அந்த கிளப்புக்கு எழுது. இங்கே பல இடங்களில் சனி ராத்திரி தொடங்கும் ஆட்டம் ஞாயிறு முழுக்க ஓடும், பெர்க்ஹைன் மாதிரி இடத்தில் திங்கள் காலை வரைக்கும் போகும். தரை கூட்டிக் கிடைத்ததை எல்லாம் ஒரு பெட்டியில் போட்டு, அப்புறம்தான் உட்கார்ந்து பார்ப்பார்கள். அதனால் உடனே பதில் வராவிட்டால் நம்பிக்கை இழக்காதே. டோக்கன் எண், ஜாக்கெட்டின் நிறம், நீ வந்த நேரம், கருநீல அட்டை, இந்தியப் பாஸ்போர்ட், உன் பெயர், பிறந்த தேதி எல்லாம் எழுது. அதே நாளில் பிளாட்ஸ் டெர் லுஃப்ட்ப்ரூக்கெயில் இருக்கும் மத்திய ஃபுண்ட்பூரோவிலும் (தொலைந்த பொருள் அலுவலகம்) கேள். யூ-பான் மெட்ரோ ரயிலில் வந்திருந்தால், அதை ஓட்டும் பிவிஜி நிறுவனத்துக்குத் தனி ஃபுண்ட்பூரோ இருக்கிறது, அதையும் விடாதே.

வியாழன் வரை ஒன்றும் இல்லை என்றால் போலீசுக்குப் போ. எந்த இடம் என்று கேட்டால் உண்மையைச் சொல், பொய் வேண்டாம். இங்கே அது குற்றமில்லை. ஆண்களுக்கு இடையிலான உறவைத் தண்டித்த 175ஆம் பிரிவு 1994இலேயே போய்விட்டது. பெர்லின் போலீசில் நம் போன்றவர்களுக்கென்று தனித் தொடர்பு அதிகாரிகளே இருக்கிறார்கள். வீட்டுக்குப் போன் போட்டுச் சொல்லும் வழக்கம் அவர்களுக்கு இல்லை. அதற்கு அப்புறம் தூதரகம், குடியேற்ற அலுவலகம், பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் பிரிவு என்று வரிசையாகப் போகலாம். ஒன்று மட்டும் தெரிந்துகொள்: புதுப் பாஸ்போர்ட் என்றால் ஊர் முகவரிக்குப் போலீஸ் சரிபார்ப்பு வரலாம். எனவே தொலைந்தது என்ற செய்தியை அப்பாவுக்கு நீயே முன்கூட்டிச் சொல்லிவிடு. எங்கே என்பதைச் சொல்வதும் சொல்லாததும் உன் விருப்பம்.

அறைக்காரன் எவனாவது வீட்டுக்குச் சொல்லிவிடுவேன் என்று மிரட்டினால் ஷோனபெர்க்கில் மானியோ என்ற உதவி மையம் இருக்கிறது. வன்முறைக்கும் மிரட்டலுக்கும் ஆளாகும் கே ஆண்களுக்காகவே நடத்துகிறார்கள். நொலெண்டார்ஃப்பிளாட்ஸ் ஸ்டேஷனிலிருந்து நடந்தே போகலாம்.

தேம்ஸ்_தஞ்சாவூர்
தூதரகத்துக்கு உடனே சொல்லச் சொல்லி எழுத இருந்தேன். அக்கா சொல்வதுதான் சரி.

கொங்கு_குயில்
அடுத்த தடவைக்கு: குடியிருப்பு அட்டை கையில் வந்ததும் அதை மட்டும் எடுத்துப் போங்கள், பாஸ்போர்ட் வீட்டிலேயே பூட்டிக் கிடக்கட்டும். உள்ளே யாராவது ஊற்றித் தருவதைக் குடிக்காதீர்கள், கண்ணெதிரே திறந்த பாட்டில் என்றால் மட்டும் சரி. அப்புறம் க்ராய்ட்ஸ்பெர்க்கில் ஒரானியன் தெருவில் எஸ்ஓ36 என்று ஒரு இடம். அங்கே 1990களிலிருந்து கேஹானே என்ற கே ஆட்ட இரவு நடக்கிறது. துருக்கிப் பாட்டு, அரபுப் பாட்டு, நடுநடுவே இந்திப் பாட்டும் வரும். கையைத் தூக்கி வட்டமாக ஆடுவார்கள், தெரியாதவரும் தோளைப் பிடித்து இழுத்துச் சேர்த்துக்கொள்வார். நான் பெர்லினில் இருந்த ஒரு வருடத்தில் எனக்குக் கிடைத்த இடம் அதுதான். முதல் தடவை அங்கே போயிருக்கலாம் என்று தோன்றுகிறது.

வைகைக்கரை
அக்கா, நேற்றே எழுதினேன். இப்போதுதான் பதில் வந்தது. பெட்டியில் மூன்று பாஸ்போர்ட் இருக்கிறதாம், ஒன்று கருநீலம், பிறந்த வருடம் என்னுடையதோடு பொருந்துகிறதாம். வியாழன் நான்கு மணிக்கு டோக்கனையும் வேறு ஒரு அடையாளத்தையும் கொண்டு வரச் சொல்கிறார்கள். பல்கலைக்கழக அட்டை இருக்கிறது, போதுமா? பகலில் அந்த வாசலில் போய் நிற்க ஒரு மாதிரி இருக்கிறது.

ஷ்ப்ரே_அக்கா
போதும், பாஸ்போர்ட் நகல் போனில் இருந்தால் அதையும் அச்செடுத்து வைத்துக்கொள். வியாழன் எனக்குக் காலை ஷிஃப்ட்தான். கோட்புஸ்ஸர் டோரில் யூ-பான் மேல்மேடையில் மூன்றரைக்கு நிற்கிறேன், பச்சை சால்வை. வரும்போது ஏதாவது சாப்பிட்டுவிட்டு வா.