ஐப்பசி மழை வந்தாலும் சைக்கிளை நிறுத்த மனமில்லை, வழி சொல்லுங்கள்

குளுகோர்க்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். பினாங்குத் தீவில் குளுகோரிலிருந்து பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டைக்குச் சைக்கிளில்தான் வேலைக்குப் போய் வருகிறேன். வருஷ ஆரம்பத்தில் தொடங்கியது, காய்ந்த மாதங்கள் என்பதால் ஒரு சிரமமும் தெரியவில்லை. குவீன்ஸ்பே பக்கம் கடலோரமாகக் காலைக் காற்றில் மிதித்துப் பழகிய பிறகு, காருக்குள் உட்கார்ந்து நெரிசலில் ஊர்ந்து போக மனசு வரவே மாட்டேன் என்கிறது.

ஆனால் செப்டம்பர் பாதியிலிருந்து நிலைமை மாறிவிட்டது. மதியம் மூன்று மணிக்கெல்லாம் மலைப்பக்கம் கறுத்துக்கொண்டு வருகிறது, ஆறரைக்கு வேலை முடிந்து வெளியே வந்தால் கொட்டு கொட்டென்று கொட்டுகிறது. "ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழைன்னு சும்மாவா சொன்னாங்க, பொங்கல் வரட்டும், அப்புறம் எடு" என்கிறார் அம்மா. சித்தப்பா மகன் கிளாஸ்கோவில் படிக்கிறான். அங்கே இலையெல்லாம் உதிர்ந்து குளிர் ஏறிக்கொண்டிருக்கிறது, அவன் கையுறை மாட்டிக்கொண்டு சைக்கிளில்தான் வகுப்புக்குப் போகிறான். அந்தக் குளிரிலேயே ஓட்ட முடிகிறது என்றால் இங்கே மழைக்காக மூன்று மாதம் சைக்கிளைப் பூட்டி வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

மழைக்கோட்டு போட்டால் உள்ளே வெந்துபோகிறது, போடாவிட்டால் நனைகிறது. ஈரத்தில் பிரேக் பிடிப்பதே இல்லை. இடிக்குப் பயப்பட வேண்டுமா, கூடாதா? அப்புறம் இப்போதெல்லாம் சீக்கிரமே இருட்டுவதுபோல் இருக்கிறதே, அது மேகத்தாலா, இல்லை நிஜமாகவே அப்படித்தானா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

தண்ணீர்மலையான்:

தம்பி, நிறுத்த வேண்டாம், நேரத்தை மாற்றுங்கள். அம்மா சொல்வது தமிழ்நாட்டு மழைக்கணக்கு. அங்கே வடகிழக்குப் பருவமழை கொட்டுகிற காலம் அது. அதே பருவக்காற்று நம் நாட்டில் கிழக்குக் கரையில் கிளந்தான், திரங்கானு பக்கம்தான் வெள்ளமாக இறங்கும், நடுவில் தித்திவங்சா மலைத்தொடர் தடுத்துவிடுவதால் நம் பக்கம் டிசம்பரிலேயே மழை குறைய ஆரம்பிக்கும், ஜனவரி பிப்ரவரியில் புல்கூடக் காய்ந்துவிடும். பினாங்கில் அதிகமாகப் பெய்வது செப்டம்பர், அக்டோபரில்தான். நவம்பரைத் தாண்டிவிட்டால் பெரும்பகுதி கடந்த மாதிரி. பொங்கல்வரை காத்திருக்கத் தேவையில்லை என்று அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

தென்மேற்கு, வடகிழக்கு என்ற இரண்டு பருவக்காற்றுக்கும் இடைப்பட்ட இந்த மாதங்களில் காற்று லேசாக இருக்கும், வெயிலில் தரை சூடேறி மதியத்துக்கு மேல் இடியும் மழையுமாக இறங்கும். அதனால் காலைப் பயணம் பெரும்பாலும் தப்பிவிடும். விடியற்காலையிலேயே சுமத்ரா பக்கமிருந்து காற்றோடு வந்து அடிக்கிற மழை ஒன்று உண்டு, அது இந்நேரம் ஓய்கிற காலம். சிக்கல் உங்கள் மாலைப் பயணத்தில்தான். முதலாளியிடம் கேட்டு ஒரு மணி நேரம் முன்னால் போய் முன்னால் வர முடியுமா பாருங்கள். முடியாவிட்டால் வானிலைத் துறையான மெட்மலேசியாவின் ரேடார் படத்தைப் பார்த்து, மழைத்திட்டு நகர்ந்த பிறகு கிளம்புங்கள். இந்த இடிமழை பல நாள் ஒரு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். தொழிற்சாலை கேன்டீனில் ஒரு தே தாரிக் குடித்துவிட்டுக் கிளம்பினால் சாலையில் நெரிசலும் குறைந்திருக்கும்.

சீக்கிரம் இருட்டுவது நிஜம்தான். நம் ஊரில் பகலின் நீளம் வருஷம் முழுக்கப் பெரிதாக மாறாது, ஆனால் சூரியன் உச்சிக்கு வரும் நேரம் முன்னும் பின்னுமாக நகரும். ஜூலையிலும் பிப்ரவரியிலும் ஏழரை மணிவாக்கில் மறைகிற சூரியன், நவம்பர் தொடக்கத்தில் ஏழு மணிக்கே மறைந்துவிடுகிறது. அரை மணி நேர வித்தியாசம். அதோடு மேகமும் சேர்ந்தால் ஆறரைக்கே விளக்கு வேண்டும். நீங்கள் ஆறரைக்குக் கிளம்புவதால் பாதி வழியை இருட்டில்தான் ஓட்டப்போகிறீர்கள், அதை மனதில் வைத்துத் தயாராகுங்கள்.

இடி விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். மின்னல் அதிகம் விழும் நாடுகளில் நம்முடையதும் ஒன்று. மின்னலைப் பார்த்து இடி கேட்பதற்குள் முப்பதுகூட எண்ண முடியவில்லை என்றால் உடனே ஒரு கட்டடத்துக்குள் போய்விட வேண்டும், கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் வெளியே வர வேண்டும். சைக்கிளில் ரப்பர் டயர் இருக்கிறது, ஒன்றும் ஆகாது என்று நிறைய பேர் நம்புகிறார்கள், அது தப்பு. காரில் ஆளைக் காப்பாற்றுவது சுற்றி இருக்கும் இரும்புக் கூடு, டயர் இல்லை. கடலோரத் திறந்தவெளியில் உயரமாக நகர்கிற பொருள் நீங்கள்தான். மரத்தடியிலும் நிற்காதீர்கள்.

பட்டர்வொர்த் அக்கா:

நான் பெர்ரியில் சைக்கிளோடு தீவுக்கு வருகிறவள், மழைக்காலத்திலும் நிறுத்துவதில்லை. தம்பி, மழைக்கோட்டை விட்டுத் தள்ளுங்கள். நம் சூட்டில் அது வெளியிலிருந்து வருகிற மழையைத் தடுத்து, உள்ளேயிருந்து வேர்வையால் நனைக்கும். சீக்கிரம் காயும் பனியன், அரைக்கால் சட்டையோடு நனைந்தே போங்கள், வேலை உடுப்பை இரண்டு பிளாஸ்டிக் பையில் தனித்தனியாக இறுக்கிக் கட்டி முதுகுப்பையில் போடுங்கள். ஒரு துண்டு, ஒரு ஜோடி உலர்ந்த சப்பாத்து எப்போதும் வேலையிடத்தில் இருக்கட்டும். நனைந்த சப்பாத்துக்குள் பழைய பேப்பரைக் கசக்கித் திணித்து வைத்தால் சாயங்காலத்துக்குள் ஓரளவு காய்ந்துவிடும், மத்தியானம் ஒருதரம் பேப்பரை மாற்ற வேண்டும்.

ஈரத்தில் கால்வாய் மூடி, சாலையில் அடித்திருக்கும் வெள்ளைக்கோடு, கட்டுமான இடங்களில் போட்டிருக்கும் இரும்புத் தகடு, இது மூன்றும் வழுக்கும். பெர்ரி ஏற்றத்தில் இருக்கும் இரும்புத் தரையில் நான் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போவேன். இதன்மேல் போயே ஆக வேண்டும் என்றால் நேராகப் போங்கள், அதன்மேல் திரும்பவும் கூடாது, பிரேக்கும் பிடிக்கக் கூடாது. மழை தொடங்கிய முதல் சில நிமிஷம்தான் ரொம்ப மோசம், சாலையில் படிந்த எண்ணெயெல்லாம் மேலே மிதந்து வரும். நன்றாகப் பெய்து கழுவிய பிறகு கொஞ்சம் பிடிப்பு வந்துவிடும்.

தண்ணீர் தேங்கிய இடத்தில் ஓட்டவே ஓட்டாதீர்கள். 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் தீவே மூழ்கியது ஞாபகம் இருக்கும். அந்த மாதிரி பெருவெள்ளம் இல்லாவிட்டாலும் கணுக்கால் அளவு தண்ணீர் போதும், சாலை எங்கே முடிகிறது, கால்வாய் எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் போக. காலில் சிராய்ப்பு இருந்தால் எலிக்காய்ச்சல் வேறு, எலி மூத்திரம் கலந்த தண்ணீர் புண்ணில் பட்டாலே தொற்றிக்கொள்ளும். இறங்கிச் சுற்றிப் போங்கள், பத்து நிமிஷம் தாமதமானால் ஆகட்டும்.

செந்தூல்வாசி:

அக்கா சொன்னதில் ஒன்றை மட்டும் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன். நான் கிளாஸ்கோவில் படித்துவிட்டு வந்தவன், இப்போது கோலாலம்பூரில் ஓட்டுகிறேன். நனைந்து போவது இங்கே சரி, ஆனால் மழைக்குப் பிறகு காற்றடிக்கும்போது நெஞ்சுக்கு மட்டும் ஒரு மெல்லிய காற்றுத்தடுப்பு உடுப்பு, கையில்லாதது, பையில் வைத்திருங்கள். குளிர் தாங்காத உடம்பு என்றால் அது உதவும்.

கிளாஸ்கோவில் இருக்கும் உங்கள் சித்தப்பா மகனின் கஷ்டம் வேறு மாதிரி. அங்கே அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவிடுவார்கள், நவம்பர் தொடக்கத்தில் மாலை நாலரைக்கு இருட்டு, டிசம்பர் கடைசியில் நாலு மணிக்கு முன்பே சூரியன் போய்விடும். நனைந்தால் ஆபத்து அங்கேதான், ஈர உடம்பில் குளிர்காற்று பட்டால் விரல் விறைத்து பிரேக் பிடிக்க வராது. அதனால் அங்கே கையுறைதான் முதல் சாமான். நனைந்த இலைக்குவியல் வழுக்கும், தெரியாத மெல்லிய பனிக்கட்டி அதைவிட வழுக்கும். பின்லாந்தில் ஓளு என்ற ஊரில் பனியிலும் நிறுத்தாமல் வருஷம் முழுக்க ஓட்டுகிறார்கள், 2013ல் குளிர்காலச் சைக்கிளோட்டத்துக்கென்றே ஒரு மாநாடு முதன்முதலில் அங்கேதான் நடந்தது. அங்கே ஜனங்களால் முடிவதற்குக் காரணம் நகராட்சி காலையிலேயே சைக்கிள் பாதையைச் சுத்தம் செய்துவிடுவது. நம் பாதைகளில் மழைக்குப் பிறகு மணலும் உடைந்த கண்ணாடியும் ஒதுங்கிக் கிடப்பதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரியும். ஈரத்தில் கண்ணாடித் துண்டு ரப்பருக்குள் சுலபமாக இறங்கும், அதனால் வீட்டுக்கு வந்ததும் டயரைச் சுற்றிப் பார்த்து எடுத்துப் போடுங்கள்.

இன்னொன்று. மழையில் மோட்டார் சைக்கிள்காரர்கள் எல்லாரும் பாலத்தடியில் ஒதுங்கி நிற்பார்கள், நீங்களும் அங்கே நிற்காதீர்கள். பின்னால் வருகிற லோரிக்கு உங்களைத் தெரியாது. பெட்ரோல் நிலையம், கடைவாசல் என்று சாலையைவிட்டு விலகிய இடமாகப் பாருங்கள்.

ஜெலுத்தோங் பட்டறை:

பிரேக் பிடிக்கவில்லை என்றீர்களே, ரிம்மைப் பிடிக்கிற பழைய வகையா? ஈரத்தில் முதல் ஒரு சுற்று தண்ணீரை வழிப்பதற்கே போய்விடும். நிறுத்த வேண்டிய இடத்துக்கு முன்னாலேயே லேசாகத் தொட்டுத் தொட்டு விடுங்கள், அப்புறம் அழுத்துங்கள். பிரேக் கட்டையைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள், ரப்பரில் வெள்ளி மாதிரி மின்னுகிற சின்னச் சின்னத் துணுக்குகள் பதிந்திருக்கும். ரிம்மிலிருந்து பெயர்ந்த அலுமினியம் அது. ஊசிமுனையால் நெம்பி எடுத்துவிட்டு, மேல்பரப்பை மணல்தாளில் இரண்டு இழுப்பு இழுத்து மாட்டுங்கள். எடுக்காமல் விட்டால் அதுவே ரிம்மை அரம் மாதிரி தேய்க்கும்.

செயினை மழையில் ஓட்டிய அன்றே பழைய கைலித் துணியால் துடைத்து, ஈரத்துக்கென்று விற்கிற கெட்டி எண்ணெயை ஒவ்வொரு உருளையிலும் ஒரு சொட்டு விட்டு, பெடலைப் பின்னோக்கிச் சுற்றி, வெளியில் வழிவதைத் துடைத்துவிடுங்கள். வெளியே பளபளவென்று எண்ணெய் நின்றால் மணல்தான் ஒட்டும். குளிர்நாட்டில் சாலையில் தூவுகிற உப்பு செயினை அரிக்கும், உங்களுக்குக் கடலோர உப்புக்காற்றே அந்த வேலையைச் செய்துவிடும். மாதம் ஒருமுறை சீட்டுக் கம்பியை உருவி, சைக்கிளைக் கவிழ்த்து வையுங்கள், உள்ளே இறங்கிய தண்ணீர் வெளியே வரும். மட்கார்ட் முழு நீளமாகப் போடுங்கள், முதுகு மட்டுமில்லை, செயினும் தப்பும்.

குளுகோர்க்காரன்:

ரொம்ப நன்றி, இவ்வளவு விவரமாகச் சொல்வீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. மேலாளரிடம் கேட்டுவிட்டேன், இந்த மாதம் மட்டும் ஒரு மணி நேரம் முன்னால் வந்து போகலாம் என்றார். விளக்கைப் பற்றி மட்டும் ஒரு கேள்வி அண்ணே. பின்விளக்கு மின்னி மின்னி எரிவது நல்லதா, நின்று எரிவதா?

ஜெலுத்தோங் பட்டறை:

இரண்டும் வையுங்கள், ஒன்று நின்று எரியட்டும், இன்னொன்று மின்னட்டும். மின்னுவது மட்டும் என்றால் கண்ணாடியில் மழைத்துளியோடு வருகிற காரோட்டிக்கு நீங்கள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறீர்கள் என்று கணக்குக் கிடைக்காது. முதுகுப்பையின் மழை உறை தொங்கி விளக்கை மறைக்கிறதா என்று யாரையாவது பின்னால் நின்று பார்க்கச் சொல்லுங்கள். கணுக்காலில் ஒளி திருப்புகிற பட்டை இரண்டு கட்டிக்கொள்ளுங்கள், கால் ஏறி இறங்குவதைப் பார்த்ததும் இது சைக்கிள் என்று தூரத்திலேயே தெரிந்துவிடும். விலை சில ரிங்கிட்தான்.