மூன்று வசனம் மேலே

பைபிள் வசனத்தைத் தனியே எடுக்காமல் முன்பின் சேர்த்து வாசித்தது பற்றி வாசகர்கள் எழுதிய கடிதங்கள்.

பாளையங்கோட்டை

புத்தாண்டு ஆராதனை முடிந்ததும் எங்கள் சேகரத்தில் (சபை வட்டாரத்தில்) ஆளுக்கொரு வாக்குத்தத்த அட்டை, அதாவது அந்த வருஷத்துக்கான பைபிள் வசனம் எழுதிய அட்டை, எடுப்போம். அந்த வருஷம் என் கைக்கு வந்தது எரேமியா 29:11. "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." அட்டையைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன்.

பிப்ரவரியில் சபையைச் சேர்ந்த ஓர் அண்ணன் வீட்டுக்கு வந்தார். ஜெபம் செய்துவிட்டுத்தான் பேச்சை ஆரம்பித்தார். லட்சம் ரூபாய் போட்டால் மாதம் பத்தாயிரம் வருமாம். நான் இழுத்தேன். "இந்த வருஷம் கர்த்தர் உனக்கு என்ன வசனம் தந்தார் தம்பி?" என்றார். அட்டையை நீட்டினேன். "பிறகென்ன யோசனை?" என்றார். எனக்கும் அது பதிலாகவே பட்டது. கையிலிருந்த 20,000 ரூபாயைக் கொடுத்தேன். மீதிக்கு மனைவியின் வளையல்களை அடகு வைப்பதாக ஏற்பாடு.

அன்று இரவு குடும்ப ஜெபத்தில், "அந்த அதிகாரத்தை முழுசாக வாசியேன்" என்றார் அம்மா. வாசித்தேன். பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம் அது. வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள் என்கிறது ஐந்தாம் வசனம். எட்டாம் வசனம், உங்கள் நடுவிலிருக்கும் தீர்க்கதரிசிகளிடம் மோசம்போகாதீர்கள் என்கிறது. பத்தாம் வசனத்தில், ஊர் திரும்ப எழுபது வருஷக் கணக்கு! இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பிவிடும் என்று வாக்குக் கொடுத்த பொய்த் தீர்க்கதரிசி அனனியா முந்தின அதிகாரத்தில் நிற்கிறான். சிறுவயது முதல் மனப்பாடமாக ஒப்பித்த வசனத்துக்கு மூன்று வசனம் மேலேயே எச்சரிக்கை இருந்திருக்கிறது.

வளையல்கள் பீரோவிலேயே இருந்தன. இரண்டு மாதம் இரண்டிரண்டாயிரம் வந்தது. பிறகு நிறுவனமே பூட்டிக்கிடந்தது. அண்ணனைக் குறை சொல்ல மாட்டேன். அவர் போட்டிருந்தது நாலு லட்சம்.

நாகர்கோவில்

எங்கள் வீட்டில் சிக்கல் காலண்டரால் வந்தது. மகனின் நிச்சயதார்த்தத்துக்குப் போதகர் புதன்கிழமை பன்னிரண்டு மணி என்று சொன்னார். "அது ராகுகாலம் அண்ணி" என்றாள் நாத்தனார். மூன்று தலைமுறையாகக் கிறிஸ்தவர்கள் நாங்கள்! "நாட்களையும், மாதங்களையும், காலங்களையும், வருஷங்களையும் பார்க்கிறீர்களே" என்ற கலாத்தியர் 4:10ஐ எடுத்தேன். அவளா விடுவாள்? ஒருவன் ஒருநாளை மற்றொருநாளிலும் விசேஷமாக எண்ணுகிறான் என்று ரோமர் 14:5ஐ எடுத்து வீசினாள். இருவரும் உட்கார்ந்து அடுத்த வசனத்தையும் வாசித்தோம். நாளை விசேஷிப்பவன் கர்த்தருக்கென்று விசேஷிக்கிறான் என்றிருந்தது. "நீ கர்த்தருக்கென்றா காலண்டரைப் பார்த்தாய்?" என்று கேட்டேன். "இல்லை, பயமாக இருந்தது" என்றாள். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது. என் மனதிலும் அந்தப் பயம் கொஞ்சம் இருந்ததை அவளிடம் சொல்லவில்லை. பன்னிரண்டு மணிக்கே நடந்தது. சாப்பாடுதான் தாமதம்.

மதுரை

பாளையங்கோட்டைத் தம்பி, தேவதூதர்கள் உன்னைக் காப்பார்கள் என்று சங்கீதம் 91ஐ எடுத்து இயேசுவிடமே பேசியவன் பிசாசு. அங்கே "உன் வழிகளிலெல்லாம்" என்பதை அவன் விட்டுவிட்டான். மத்தேயு நான்காம் அதிகாரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அம்மாவுக்கு என் ஸ்தோத்திரம் சொல்லுங்கள்.