ஓட்டத்துக்கு முன்னால் கோகோ: எந்தப் பொடி, எவ்வளவு, சர்க்கரைக்கு உதவுமா?

காலைஓட்டம்_கோவை

எங்கள் குழுவில் 10 கி.மீ., அரை மாரத்தான் ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள். கோகோவில் இருக்கும் ஃபிளவனால் என்ற தாவரப் பொருள் ரத்தக் குழாயை விரிக்கும், ஸ்டாமினா கூடும், சர்க்கரையும் இறங்கும் என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றியது. அதிலிருந்து பாதிப் பேர் ஓட்டத்துக்கு அரை மணி முன்னால் ஒரு வாழைப்பழம், ஒரு டம்ளர் பால், 2 டீஸ்பூன் கோகோ போட்டு மிக்ஸியில் அடித்துக் குடிக்கிறார்கள். பொடி, கேக் சாமான் கடையில் சில்லறையாகக் கட்டித் தரும் கறுப்புக் கோகோ. சிலர் 70% டார்க் சாக்லேட் சாப்பிடுகிறார்கள். இரண்டு மூன்று பேருக்கு எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு) 6-ஐ ஒட்டி இருக்கிறது.

இதில் உண்மை எவ்வளவு? உண்மை என்றால் எந்தப் பொடி, எத்தனை கிராம், எப்போது?

கொக்கோக்கொட்டை

அந்த பானத்தில் மூன்று தப்பு இருக்கிறது. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலில் பொடி. கறுப்பாக இருப்பது காரம் சேர்த்துப் பதப்படுத்திய கோகோ. புளிப்பும் கசப்பும் போக, நிறம் ஏற, பொட்டாசியம் கார்பனேட் மாதிரி ஒரு காரத்தில் ஊறவைத்து எடுப்பார்கள். கேக்குக்கு அருமை, ஆனால் ஃபிளவனால் அதில்தான் அழிகிறது. 2008-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் கடைப் பொடிகளை அளந்து பார்த்தார்கள். காரம் சேர்க்காத பொடியில் கிராமுக்குச் சராசரி 34.6 மி.கி., லேசாகச் சேர்த்ததில் 13.8, நடுத்தரத்தில் 7.8, அதிகம் சேர்த்ததில் 3.9. உங்கள் ஆட்களின் 2 டீஸ்பூன் சுமார் 5 கிராம். அதாவது 20 மி.கி. கிடைத்தால் அதிகம்.

அடுத்து வாழைப்பழம். வெட்டினால் பழத்தைக் கறுக்க வைக்கும் பாலிஃபீனால் ஆக்சிடேஸ் நொதி அதில் நிறைய, ஃபிளவனாலையும் அது சிதைக்கும். 2023-இல் வெளியான ஆய்வில், வாழைப்பழம் சேர்த்து அடித்த பானம் குடித்தவர்களின் ரத்தத்தில் சேர்ந்த ஃபிளவனால், மாத்திரையாக எடுத்தபோது சேர்ந்ததைவிட 84% குறைவு. இரண்டையும் தனித்தனியாக வைத்து ஒரே நேரத்தில் சாப்பிட்டாலும் குறைந்தது. வயிற்றுக்குள்ளேயே வேலை நடக்கிறது. பழம் வேண்டுமென்றால் ஆரஞ்சு, அன்னாசி, மாம்பழம் போடுங்கள். வாழைப்பழத்தை ஓடி முடித்த பிறகு சாப்பிடட்டும். பால் கெடுக்குமா என்ற சண்டை 2003 முதல் நடக்கிறது, முடிவுகள் இரு பக்கமும் உண்டு. நான் அதைப் பெரிதாக எடுப்பதில்லை.

மூன்றாவது நேரம். கோகோவின் முக்கிய ஃபிளவனாலான எபிகேட்டச்சின் ரத்தத்தில் உச்சத்துக்கு வர ஏறக்குறைய 2 மணி நேரம் ஆகும். அரை மணி முன்னால் குடித்தால் வயிற்றில் கனம்தான் மிச்சம்.

பொடி வாங்கும்போது முன்பக்க விளம்பரத்தை விட்டுவிட்டுப் பின்பக்கம் படியுங்கள். அசிடிட்டி ரெகுலேட்டர் என்று 500, 501, 524, 525 எண்களில் எது இருந்தாலும் காரம் சேர்த்தது. சில்லறைப் பொடிக்கு லேபிள் இல்லையே என்றால்: காரம் சேர்க்காதது செங்கல் நிறத்தை ஒட்டிய வெளிர் பழுப்பு, நாக்கில் வைத்தால் புளிப்பு. வெந்நீரில் கரைத்து பி.எச். தாளை நனைத்தால் 5.3 முதல் 5.8-க்குள் வரும். 7-ஐத் தாண்டினால் கேக்குக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அளவு: ரத்தக் குழாயின் நெகிழ்வுக்கு நாளைக்கு 200 மி.கி. கோகோ ஃபிளவனால் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2012-இல் ஏற்றுக்கொண்டது. காரம் சேர்க்காத நல்ல பொடியில் அது சுமார் 6 கிராம், தலைதட்டிய ஒரு டேபிள்ஸ்பூன். முதலில் 2 ஸ்பூன் வெதுவெதுப்பான நீரில் கட்டியில்லாமல் குழைத்து, பிறகு மீதி நீரையோ பாலையோ ஊற்றுங்கள். நேரே பாலில் கொட்டினால் மேலேயே மிதக்கும். சமையல் சோடா பக்கம் போகவே வேண்டாம், அதுவும் காரம்தான்.

இதயத்துடிப்பு180

பொடி சரியாக இருந்தாலும் ஓட்டத்துக்கு என்ன கிடைக்கும் என்பது வேறு கேள்வி. அங்கேதான் வாட்ஸ்அப் தாண்டவமாடுகிறது.

எபிகேட்டச்சின் ரத்தக் குழாயின் உள்சுவரில் நைட்ரிக் ஆக்சைடு அதிகம் கிடைக்கச் செய்கிறது, குழாய் விரிகிறது. இதில் பெரிய தகராறு இல்லை. இதிலிருந்து "வேகம் கூடும்" என்று தாவுவதுதான் சிக்கல். 2011-இல் எலிகளுக்கு எபிகேட்டச்சின் கொடுத்து, டிரெட்மில்லில் அவை களைக்காமல் ஓடும் திறன் ஏறக்குறைய பாதி கூடியதாகக் காட்டினார்கள். இணையத்தில் சுற்றும் செய்திகளில் பாதி இந்த எலிகளிடமிருந்து வந்தவை. 2018-இல் மனிதர்களிடம் பார்த்தபோது கதை தலைகீழ்: 4 வார சைக்கிள் பயிற்சியோடு தினமும் 200 மி.கி. தூய எபிகேட்டச்சின் எடுத்தவர்களுக்கு, மருந்தில்லாத வெறும் மாத்திரை எடுத்தவர்களுக்குக் கிடைத்த ஏரோபிக் முன்னேற்றம்கூடக் கிடைக்கவில்லை. சின்ன ஆய்வுதான். ஆனாலும் தூய எபிகேட்டச்சின் கேப்சூல் விற்கிறவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள்.

ஆதரவான பக்கமும் உண்டு. லண்டனில் கிங்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் 9 பேர் 2 வாரம் தினமும் 40 கிராம் டார்க் சாக்லேட் சாப்பிட்டு, 2 நிமிட சைக்கிள் சோதனையில் அதிக தூரம் போனார்கள். ஒன்பதே பேர், இரண்டே நிமிடம். 21 கி.மீ. ஓட்டத்துக்கு இதை அப்படியே நீட்ட முடியாது. மொத்த ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்தால், உடற்பயிற்சியின்போது ஆக்சிஜனேற்ற அழுத்தம் கொஞ்சம் குறைகிறது, ஓட்ட நேரம் நிச்சயமாகக் குறைந்ததாகக் காட்ட முடியவில்லை. வேகத்துக்கு ஏதாவது வேண்டுமென்றால் காபியும் பீட்ரூட் சாறும் இதைவிட ஆதாரம் கூடியவை.

குடித்ததும் சுறுசுறுப்பாக இருக்கிறதே என்பார்கள். 10 கிராம் பொடியில் காஃபினுக்கு உறவான தியோபுரோமின் ஏறக்குறைய 200 மி.கி., காஃபின் 20 மி.கி. இருக்கும். அதன் வேலையாக இருக்கலாம். தியோபுரோமின் உடம்பைவிட்டுப் பாதியாகக் குறையவே 7 மணி நேரம் போல ஆகும். ராத்திரி 9 மணிக்குக் குடித்துவிட்டுத் தூக்கம் வரவில்லை என்று வந்து நிற்காதீர்கள்.

காலைஓட்டம்_கோவை

ரொம்ப நன்றி. காலை 5.30-க்கு ஓடுகிறவர் 3.30-க்கு எழுந்து கோகோ குடிக்க முடியாது! அப்படியானால் எப்போது? சர்க்கரை விஷயத்தையும் யாராவது சொல்லுங்கள். ஒருவர் மாத்திரையைக் குறைத்துவிட்டு இதைக் குடிக்கலாமா என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.

சர்க்கரைக்கணக்கு

மாத்திரையைக் குறைக்கவே கூடாது. அதை இன்றே அவரிடம் சொல்லிவிடுங்கள்.

2005-இல் இத்தாலியில் 15 ஆரோக்கியமானவர்களுக்கு 15 நாள் தினமும் 100 கிராம் டார்க் சாக்லேட் கொடுத்தபோது இன்சுலின் உணர்திறன் கூடியது. எல்லோரும் காட்டுவது இதைத்தான். ஆனால் அமெரிக்காவில் காஸ்மாஸ் என்ற பெரிய ஆய்வில் 21,442 முதியவர்கள் சேர்ந்தார்கள். கோகோ பிரிவுக்குத் தினமும் 500 மி.கி. ஃபிளவனால், அதில் 80 மி.கி. எபிகேட்டச்சின். சராசரியாக மூன்றரை வருடம் பார்த்தும் புதிதாகச் சர்க்கரை நோய் வருவது குறையவில்லை. இதயப் பக்கம் கொஞ்சம் நம்பிக்கை: மொத்த இதய நோய் நிகழ்வுகளில் தெளிவான குறைவு இல்லை, இதய நோயால் இறப்பது மட்டும் 27% குறைவு. செலவில் ஒரு பங்கு சாக்லேட் நிறுவனமான மார்ஸின் பணம் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ரத்த அழுத்தத்தில் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2017-இன் காக்ரேன் தொகுப்பு சொல்லும் குறைவு சராசரியாக 2 புள்ளிக்கும் கீழே.

70% சாக்லேட் என்பதில் அந்த 70-க்குள் கோகோ வெண்ணெயும் அடக்கம். வெண்ணெயில் ஃபிளவனால் கிடையாது. 40 கிராமுக்குச் சுமார் 240 கலோரி, 12 கிராம் சர்க்கரை. எச்பிஏ1சி எல்லையில் இருப்பவர் அதைத் தினமும் தின்றால் எதற்கு வைத்தியம் பார்க்கிறோம் என்பதே மறந்துவிடும். டிரிங்கிங் சாக்லேட், மால்ட் பானம் எல்லாம் கணக்கிலேயே இல்லை. அவருக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு 15 நிமிட நடை இதைவிடப் பலன் தரும்.

நேரம்: ஓட்டத்தோடு முடிச்சுப் போடாதீர்கள். காலை 11 அல்லது மாலை 4, சர்க்கரை இல்லாமல். சாப்பாட்டோடு வேண்டாம், கோகோ பாலிஃபீனால் தாவர உணவின் இரும்புச்சத்து உறிஞ்சப்படுவதை 70% அளவுக்குத் தடுக்கும். உங்கள் குழுவில் ரத்தசோகைக்கு மாத்திரை எடுக்கும் பெண்கள் இருந்தால் 2 மணி நேர இடைவெளி விடட்டும். சிறுநீரகத்தில் ஆக்சலேட் கல் வந்தவர்கள், நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் இதைத் தொடாமல் இருப்பது மேல்.

ஆனைமலை_தோப்பு

பொள்ளாச்சிப் பக்கம் தென்னைக்கு ஊடுபயிராகக் கோகோ இருக்கிறது, காய்ந்த கொட்டை நேரே வாங்கலாம். வீட்டில் வறுத்து அரைத்தால் காரம் சேர்க்காத பொடி உறுதி. ஆனால் ஃபிளவனால் நிறைய இருக்கும் என்று எண்ண வேண்டாம். 5–7 நாள் புளிக்க வைக்கும்போதே கணிசமாகப் போய்விடும், வறுப்பதில் இன்னும் கொஞ்சம். புளிக்காத கொட்டையில் அதிகம் இருக்கும், வாயில் வைக்க முடியாது. வறுக்காமல் பச்சையாகத் தின்னாதீர்கள், களத்தில் காயும்போது சால்மொனெல்லா ஒட்டியிருக்கலாம். மேல்தோலை முழுவதும் நீக்கிவிடுங்கள், காரீயம் பெரும்பாலும் தூசியாக வந்து அதில்தான் படிகிறது.

கொக்கோக்கொட்டை

தோலை நீக்கினால் காரீயம் குறையும், காட்மியம் என்ற நச்சு உலோகம் குறையாது. அது மண்ணிலிருந்து வேர் வழியாகப் பருப்புக்கே வருகிறது. சில்லறை கோகோ பொடிக்கு ஐரோப்பிய வரம்பு கிலோவுக்கு 0.6 மி.கி. அந்த விளிம்பில் இருக்கும் பொடியை 500 மி.கி. ஃபிளவனால் ஆசையில் தினமும் 15 கிராம் எடுத்தால் 9 மைக்ரோகிராம் காட்மியம். 60 கிலோ எடையுள்ளவருக்கு ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் வார வரம்பை 7-ஆல் வகுத்தால் நாளைக்குச் சுமார் 21 மைக்ரோகிராம்தான். மீதியில் சோறும் கீரையும் பங்கு கேட்கும். 6 கிராமோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள், குழந்தைகளுக்குத் தினசரிப் பழக்கமாக வேண்டாம்.