புது வீட்டில் அடுப்படிக்கு இடம் வேண்டும் என்கிறேன், வழி சொல்லுங்கள்

பூம்பாறை மகள்:

அனைவருக்கும் வணக்கம். கொடைக்கானலுக்கு மேலே பூம்பாறை எங்கள் ஊர். மண்சுவரும் தகரக் கூரையுமாக நிற்கும் பழைய வீட்டை இடித்துவிட்டு, அதே இடத்தில் கான்கிரீட் வீடு கட்டப் போகிறோம். தம்பி கொண்டுவந்த வரைபடத்தில் ஆளுக்கொரு அறை இருக்கிறது, எரிவாயு அடுப்புக்கு மேடை இருக்கிறது, தொலைக்காட்சி வைக்கக் கூடமும் இருக்கிறது. விறகடுப்பு எரியும் அடுப்படி மட்டும் இல்லை. அது வேண்டும் என்று நான் பிடிவாதமாக நிற்கிறேன். ஏன் என்று கேட்டான். அவனுக்குச் சொன்னதையே இங்கும் எழுதுகிறேன்.

எங்கள் ஊரில் மார்கழி, தை மாதங்களில் உறைபனி விழும். பொழுது சாய்ந்தால் தோட்டத்திலிருந்து வந்தவர்கள் கைகால் கழுவிக்கொண்டு நேராக அடுப்படிக்குத்தான் வருவோம். ஈரக் கம்பளிச் சட்டைகளை அம்மா வாங்கிக் கொடியில் போடுவார். சாம்பலுக்குள் உருளைக்கிழங்கும் முழுப் பூண்டும் புதைந்து கிடக்கும். சுட்ட பூண்டைப் பிதுக்கி, உப்புத் தொட்டு, சூடு ஆறுவதற்குள் சாப்பிட வேண்டும். அந்த ருசியை இதுவரை வேறு எந்தச் சாப்பாட்டிலும் நான் கண்டதில்லை. தலைக்கு மேலே முகட்டு வளையில் தாளோடு கட்டிய பூண்டுக் கட்டுகள் தொங்கும். 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய மலைப்பூண்டு இதுதான். புகை பட்டால்தான் மாதக்கணக்கில் கெடாமல் நிற்கும். அடுத்த நடவுக்கான விதைப் பூண்டும் அங்கேதான்.

ஆனால் நான் காப்பாற்ற நினைப்பது வேறு ஒன்று. வடுகபட்டிச் சந்தையில் பூண்டு போட்டுவிட்டு அப்பா திரும்பும் இரவில் எங்கள் எல்லோரையும் அடுப்பு முன்னால் உட்கார வைத்துத்தான் பணத்தை எண்ணுவார். முதலில் அத்தையின் பங்கு. அத்தை சிறு வயதிலேயே கணவரை இழந்து எங்களோடு வந்துவிட்டவர். மலைச்சரிவில் படிப்படியாக இறங்கும் தாத்தா நிலத்தில் அவருக்கென்று இரண்டு அடுக்கு உண்டு. பாடுபடுவது அப்பாதான் என்றாலும் அந்தப் பூண்டு தனி மூட்டை, தனிக் கணக்கு. விலை விழுந்த வருஷத்திலும் அத்தையின் பணத்தை அவர் கையில் கொடுத்த பிறகே உரக்கடைப் பாக்கி, வண்டிக் கூலி எல்லாம். கடைசியில் மிச்சம் எவ்வளவு என்று அப்பா சத்தமாகச் சொல்வார். பள்ளிக்கூடம் போகிற எங்களுக்கும் அது தெரிய வேண்டும் என்பது அவர் எண்ணம். அதனால் அந்தத் தைப்பொங்கலுக்குப் புதுத்துணி கேட்கலாமா, கூடாதா என்பது எங்களுக்கே விளங்கிவிடும். அப்பா ஒரு நாளும் "இல்லை" என்று சொல்ல வேண்டியிருந்ததில்லை.

இன்று திண்டுக்கல்லில் ஆசிரியையாக இருக்கிறேன். சம்பளம் வந்த அன்று நானும் கணவரும் பிள்ளைகளை உட்கார வைத்து வரவு செலவு சொல்கிறோம். என் மாமியாரின் மருந்துச் செலவுதான் முதல் வரி. இந்தப் பழக்கத்தை எனக்குக் கொடுத்த மனிதருக்கு வயதாகிவிட்டது. அவர் உட்கார்ந்த இடத்தை வரைபடத்திலிருந்து அழிக்க எனக்கு மனம் வரவில்லை.

சிக்கல் என்னவென்றால், அம்மாவுக்கு இரவெல்லாம் இருமல். புகையே ஆகாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். தம்பி பேசுவதிலும் நியாயம் இருக்கிறது. அம்மாவின் நெஞ்சைக் கெடுத்துக்கொண்டு எனக்கு எந்த அடுப்பும் வேண்டாம். புகை வீட்டுக்குள் தங்காத விறகடுப்பை யாராவது கட்டியிருக்கிறீர்களா?

கோத்தகிரி தேயிலைக்காரன்:

கட்டியிருக்கிறேன், தங்கையே. தைரியமாகக் கட்டலாம். ஆனால் திறந்த மூன்று கல் அடுப்பு வேண்டாம். இரண்டு பாத்திரம் வைக்கும்படி மூடிய அடுப்பாகக் கட்டி, பின்பக்கம் புகைக்குழாய் விடுங்கள். 1980களில் அரசு பரப்பிய புகையில்லா அடுப்பின் முறைதான் இது. அப்போது பல வீடுகளில் குழாயைக் கூரைக்குக் கீழேயே நிறுத்திவிட்டார்கள், அது பெயர் கெட்டதற்கு அதுவும் ஒரு காரணம். குழாய் கூரை முகட்டைத் தாண்டி நிற்க வேண்டும். தாழ்வாக நின்றால், முகட்டில் மோதிக் கீழே இறங்கும் காற்று புகையைத் திரும்ப உள்ளே தள்ளிவிடும். நம் மலைக் காற்று எப்படி அடிக்கும் என்று உங்களுக்கே தெரியும். குழாயில் வளைவும் கூடாது. எதிர்ச் சுவரில் ஒரு சன்னல் அவசியம், உள்ளே காற்று வந்தால்தான் குழாய் புகையை இழுக்கும்.

விறகைப் பற்றி ஒரு சொல். சீகை (வாட்டில்) மரமோ கற்பூர (யூகலிப்டஸ்) மரமோ, வெட்டிய ஈரத்தோடு எரித்தால் எந்த அடுப்பும் புகையும். மழைக்கு முன்பே அடுக்கி, மேலே தகரம் போட்டு உலர்த்துங்கள். அடுப்பின் வாயைச் சற்று அகலமாக வைக்கச் சொல்லுங்கள், தீயும் தெரியும், உருளைக்கிழங்கும் புதைக்கலாம்.

இன்னொன்று, இதைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். கணப்புச் சட்டியில் தணலை அள்ளிப் படுக்கையறைக்குள் கொண்டுபோகும் பழக்கம் நம் மலைகளில் உண்டு. பழைய வீட்டில் ஓட்டுச் சந்திலும் தகர இடுக்கிலும் காற்று வந்துகொண்டே இருந்தது. கான்கிரீட் அறையில் கதவைச் சாத்தினால் வராது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூங்குகிறவருக்குத் தெரியவும் தெரியாது. கொடைக்கானலிலும் ஊட்டியிலும் கரியடுப்பை உள்ளே வைத்துப் படுத்தவர்கள் எழுந்திருக்காத செய்திகளை நாம் படித்திருக்கிறோம். புது வீட்டில் அந்தப் பழக்கத்தை முதல் நாளே விட்டுவிடுங்கள்.

லயத்துப் பேத்தி, கூடலூர்:

அக்கா, உங்கள் அப்பாவைப் பற்றிப் படித்ததும் எங்கள் தாத்தா நினைவுக்கு வந்துவிட்டார். 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கை மலையகத்திலிருந்து அனுப்பப்பட்ட குடும்பம் எங்களுடையது. தலைமன்னாரில் கப்பலேறி, இராமேஸ்வரத்தில் இறங்கி, கடைசியில் இந்தத் தேயிலைக் காட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். லயம் என்பது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு, அதில் எங்களுக்கு ஒரே அறை. அடுப்படி என்று தனியாகப் பிரிக்க இடமே கிடையாது. பாட்டி தேங்காய் ரொட்டி சுட்டு, சம்பல் அரைத்து வைப்பார். உள்ளங்கையில் கொஞ்சம் சீனியை வைத்துக்கொண்டு, அதை நக்கியபடி தாத்தா வெறும் தேநீர் குடிப்பார். பக்கத்து லயத்துப் பிள்ளை வாசலில் நின்றால் அந்தச் சீனியில் பாதி அதன் கைக்குப் போய்விடும்.

அந்த லயத்தில் இப்போது நாங்கள் இல்லை. ஆனால் என் தம்பி இன்றும் வீட்டுக்கு வருகிறவர்களுக்குக் கொடுத்துவிட்டுத்தான் தன் குவளையை எடுக்கிறான். எரிவாயு அடுப்பில் போட்ட தேநீர்தான்.

அதனால் அடுப்பு அமையாமல் போனாலும் நீங்கள் கலங்க வேண்டாம் என்பது என் எண்ணம். கணக்குச் சொல்லும் வழக்கம் ஏற்கெனவே உங்களோடு திண்டுக்கல்லுக்கு வந்துவிட்டதே. எனக்குக் கேட்கத் தோன்றுவது ஒன்றுதான். ஆளுக்கொரு அறை என்று எழுதியிருக்கிறீர்கள். அத்தைக்கு எந்த அறை?

மன்னவனூரான்:

பூண்டுக்கு மட்டும் தனிக் கொட்டகை போடுங்கள், அக்கா. நாங்கள் கொல்லையில் தகரக் கொட்டகை போட்டு, கீழே புகைமூட்டம் போடுகிறோம். வீட்டுக்குள் புகையே வேண்டியதில்லை, கட்டும் நன்றாக நிற்கிறது. எலிக்கு மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வேலைக்காகப் பெங்களூரில் இருக்கிறேன். சனிக்கிழமை இரவு ஊருக்குப் போனால் அம்மா எனக்காகத் தணலை மூடி வைத்திருப்பார். நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு அவரிடம் தொலைபேசியில் வெகுநேரம் பேசினேன். நன்றி.

பூம்பாறை மகள்:

எல்லோருக்கும் நன்றி. கூடலூர்த் தங்கை கேட்ட கேள்வியை அன்று இரவே தம்பியிடம் கேட்டேன். வரைபடத்தை விரித்துக் காட்டினான். கிழக்குப் பக்கம் வெயில் விழும் அறை, அதன் ஓரத்தில் சிறு எழுத்தில் "அத்தை" என்று எழுதியிருந்தான். நான் எதுவும் சொல்லியிருக்கவில்லை, அப்பாவும் சொல்லவில்லையாம். அவனும் அந்த அடுப்பு முன்னால் வளர்ந்தவன்தானே. என் தம்பியை நினைத்துப் பெருமையாக இருக்கிறது.

அத்தையிடம் கேட்டதற்கு, சன்னலைத் திறந்தால் தன் இரண்டு அடுக்கும் தெரிய வேண்டும் என்று மட்டும் சொன்னார். சன்னலை ஒரு முழம் தள்ளி வைத்தால் தெரியும், அப்பா போய் நின்று பார்த்துவிட்டார்.

அடுப்படியைப் பின்பக்கம் தனிச் சாய்ப்பாக இறக்குவதென்று முடிவு செய்திருக்கிறோம். சமையல் எரிவாயுவில்தான், அதனால் அம்மா புகையில் நிற்க வேண்டியதில்லை. மாலையில் தீ மூட்டி உட்காருவதற்கு மட்டும் மூடிய அடுப்பு. பூண்டுக்கு மன்னவனூர்த் தம்பி சொன்ன கொட்டகை. கோத்தகிரி அண்ணன், புகைக்குழாய் எத்தனை அங்குலம் என்று கொத்தனார் கேட்கிறார். சொல்வீர்களா?

கோத்தகிரி தேயிலைக்காரன்:

ஆறு அங்குலத்துக்குக் குறைய வேண்டாம். மழை இறங்காமல் மேலே தொப்பி போடச் சொல்லுங்கள், வருஷத்துக்கு ஒரு முறையாவது கரியைச் சுரண்டி எடுக்கக் கீழே ஒரு மூடி வாயும் வையுங்கள். அத்தையையும் அம்மாவையும் அப்பாவையும் விசாரித்ததாகச் சொல்லுங்கள், தங்கையே.