புதுப்பிப்பு: வேதாளம் வேடம் என்ன ஆச்சு?

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை நூலகத்தில் பிள்ளைகளுக்குக் கதை சொல்ல வேதாளமாக வரப்போகிறேன், முகமூடி போடலாமா என்று கேட்டிருந்தேன். நீங்கள் சொன்னபடி முகமூடி வேண்டாமென்று அரிதாரமும் சணல் முடியும் மட்டும் வைத்துக்கொண்டேன். வாயசைவு தெரிந்தால்தான் சின்னஞ்சிறுசுகள் கதைக்குள் வருகிறார்கள்.

கேரள நூலக இயக்கத்தின் முன்னோடி பி.என். பணிக்கர் நினைவு நாளான ஜூன் 19 கேரளத்தில் வாசிப்பு தினம். அன்றுதான் நிகழ்ச்சி. கூட்டத்துக்குக் குறைவில்லை. கதை முடிவில் விக்கிரமாதித்தன் வாய் திறந்ததும் வேதாளம் முருங்கை மரத்துக்குப் பறந்துவிடுமே, அந்த விக்கிரமாதித்தன் வேலையைப் பிள்ளைகளிடமே கொடுத்தேன். தமிழிலும் மலையாளத்திலும் பதில் குவிந்தது. ஒரு சிறுமி மட்டும் வாயை இறுகப் பொத்திக்கொண்டு தலையாட்டினாள். பேசினால் வேதாளம் போயிடுமாம், பக்கத்துப் பையன் விளக்கினான். அவளுக்காகவே இன்னொரு கதை சொன்னேன்.

அப்புறம், ஓணம் விடுமுறைக்கும் கூப்பிட்டிருக்கிறார்கள். சணல் கழுத்தில் ரொம்ப அரிக்கிறது. முடிக்கு வேறு யோசனை இருந்தால் சொல்லுங்கள்.