சிங்கிள் பேஸ் லைனில் 2 எச்பி த்ரீ பேஸ் மோட்டர்: டிரைவ் போட்டும் தண்ணி ஏறுதில்லை

நிலாவெளி_தோட்டம்:
வெங்காயத் தோட்டத்துக் கிணறு. லைன் சிங்கிள் பேஸ், 230 வோல்ட். மோட்டர் பிளேட்டில் 1.5 கிலோவாட், 230/400 வோல்ட், 5.9/3.4 ஆம்பியர், 50 ஹேர்ட்ஸ் எண்டு கிடக்கு. 1.5 கிலோவாட் விஎஃப்டி (மோட்டர் வேகத்தை மாத்திற டிரைவ்) பூட்டியிருக்கு. டிரைவ் கொட்டிலுக்குள்ள, மோட்டர் கிணத்தடியில, இடையில 60 மீட்டர் வயர். 40 ஹேர்ட்ஸ் வரைக்கும் சுத்துது, அதுக்கு மேல உறுமி ஓவர்லோட் காட்டி நிக்குது. இடைக்கிடை வீட்டு ட்ரிப் சுவிட்சும் விழுது. பழுது டிரைவிலயோ மோட்டரிலயோ?

உப்புவெளி_வைண்டிங்:
ரெண்டிலயும் இல்லை, மோட்டர் டெர்மினல் பெட்டிக்குள்ள. திறந்து பாருங்க, ஸ்டாரில (மூண்டு சுருளின்ர ஒரு முனையை ஒண்டாச் சேத்த இணைப்பு) இருக்கும்.

சிங்கிள் பேஸ் டிரைவ் 230ஐ டிசியாக்கி (325 வோல்ட் வரும்) திரும்ப மூண்டு பேஸாக வெட்டிக் குடுக்குது. வெளியில 230க்கு மேல வராது. ஸ்டாரில ஒவ்வொரு சுருளுக்கும் போறது 133 வோல்ட் மட்டும். வோல்டேஜ் 58 சதவீதமானால் முறுக்குவிசை மூண்டிலொண்டு. 40 ஹேர்ட்ஸில பம்ப் கேக்கிற விசை முழு வேகத்தின்ர 64 சதவீதம்தான், அதால அதுவரைக்கும் சமாளிக்குது.

ஒரு வரிசை மூண்டு ஆணியையும் சேத்துக் கிடக்கிற பித்தளைப் பட்டையைக் கழட்டி, மேலயும் கீழயும் உள்ள ஆணிகளை நிலைக்குத்தாக மூண்டு பட்டையால இணைச்சால் டெல்டா, சுருளுக்கு முழு 230 போகும். டிரைவில மோட்டர் வோல்டேஜ் 230, கரண்ட் 5.9, வேகமெடுக்கிற நேரம் 8 செக்கன் எண்டு போடுங்க. கை வைக்க முதல் லைனை நிப்பாட்டி 10 நிமிசம் விட்டு, டிசி முனையில மீட்டர் வைச்சுப் பாருங்க. கெபாசிட்டர் கரண்டைப் பிடிச்சு வைச்சிருக்கும்.

400/690 எண்டு எழுதின மோட்டருக்கு இந்த வழி சரிவராது.

கொட்பே_பனல்:
ட்ரிப் சுவிட்சுக்குக் காரணம் வேற. டிரைவின்ர ஃபில்டரும் 60 மீட்டர் வயரும் சேர்ந்து எர்த்துக்குக் கொஞ்சக் கரண்ட் கசிய விடும். வீட்டில ஏற்கனவே இருக்கிற கசிவோட சேரேக்க 30 மில்லி ஆம்பியர் சுவிட்ச் விழும். டிரைவுக்குத் தனி லைன் இழுத்து, அதுக்கெண்டு தனி ட்ரிப் சுவிட்ச் போடுங்க. டிரைவ் கையேட்டில சொன்ன வகையாக இருக்கோணும். கேரியர் அலைவெண்ணை (டிரைவ் கரண்டை வெட்டிற வேகம்) 2 அல்லது 4 கிலோஹேர்ட்ஸுக்கு இறக்குங்க, மோட்டர் கொஞ்சம் கீச்சிடும், அவ்வளவுதான். எர்த்தைக் கழட்டிவிட்டுச் சரிக்கட்டிற ஆக்களும் இருக்கினம். ஈரக் கிணத்தடியில அது கொலை.

நீள வயரில இன்னொண்டு. டிரைவ் வெட்டி அனுப்பிற பல்ஸ் மோட்டரில பட்டுத் திரும்பேக்க 325 வோல்ட் 650 வரை எழும்பும். வைண்டிங் திரும்பச் சுத்தின மோட்டரில சுருளின்ர முதல் சில சுத்துக்குள்ளயே எனாமல் வெடிக்கும். டிரைவிலயிருந்து மோட்டருக்குப் போற வயரில ஒரு ரியாக்டர் (அந்தப் பாய்ச்சலைத் தணிக்கிற சுருள்) போட்டால் நல்லது. கிணத்தடி சுவிட்சால மோட்டரை வெட்டக்கூடாது, ஓடேக்க வெட்டினால் டிரைவுக்குள்ள கரண்டை வெட்டிற ஐஜிபிடி போகும். ஸ்டார்ட், ஸ்டொப் டிரைவின்ர கட்டளை முனையில.

டிரைவ் வைக்கிற பெட்டி ஐபி55 (தூசி, தண்ணி தாங்கிற தரம்) ஆக இருக்கோணும். வாடைக்காத்து கொண்டுவாற உப்பு போர்டை அரிக்கும். வயர் நுழையிற ஓட்டையை கிளாண்ட் போட்டு அடையுங்க. பல்லி ஒண்டு போர்டில ரெண்டு முனைக்குக் குறுக்க விழுந்தால் டிரைவ் போச்சு.

நிலாவெளி_தோட்டம்:
ஸ்டாரிலதான் கிடந்தது. மாத்தினவுடன 50க்குப் போகுது, 5.4 ஆம்பியர். நன்றி அண்ணை. 40இல ஓட்டினால் பில் பாதியாகுமோ? பிளக்கில குத்திற பவர் சேவர் பெட்டி பிரயோசனமோ?

உப்புவெளி_வைண்டிங்:
பில்லைப் பாக்க முதல் உயரத்தைப் பாருங்க தம்பி. 40 ஹேர்ட்ஸில பவர் பாதியளவுக்கு இறங்கும், ஆனா தள்ளுற உயரமும் 64 சதவீதமாகும். வால்வை மூடி 50இல 20 மீட்டர் காட்டிற பம்ப் 40இல 12.8 தான் காட்டும். கிணத்துத் தண்ணி மட்டத்திலயிருந்து தொட்டி வாய்க்கு 13 மீட்டரெண்டால் சொட்டும் வராது, மோட்டர் சும்மா சுத்தும்.

பவர் சேவர் பெட்டியின்ர மூலம் நல்ல கண்டுபிடிப்புத்தான். நாசாவின்ர பிராங்க் நோலா 1977இல காப்புரிமை எடுத்தது: பாரம் குறைஞ்ச மோட்டருக்கு வோல்டேஜைக் குறைக்கிற சுற்று. முழுப் பாரத்தில நிக்கிற பம்புக்கு அது ஒண்டும் செய்யாது. இப்ப சந்தையில கனக்க வாறது கெபாசிட்டரும் லைட்டும் மட்டும். வீட்டு மீட்டர் யூனிட்டைத்தான் எண்ணும், கெபாசிட்டர் திருத்திற பவர் ஃபக்டரை இல்லை. அந்தக் காசுக்கு ரியாக்டரை வாங்குங்க.