ஃபிரெடி மேர்க்குரியின்ர பாட்டை எங்கட மேடையில எடுக்கிறது: அனுபவப் பகிர்வு

கொக்குவில் குரல்:
நல்லூர்த் திருவிழா முடிஞ்ச கையோட, திறந்த வெளியில, ஃபிரெடி மேர்க்குரி நினைவா அரை மணித்தியால நிகழ்ச்சி ஒண்டு செய்யிறம். நாலு பாட்டு: பொகிமியன் ரப்சடி, கிரேசி லிற்றில் திங் கோல்ட் லவ், வீ வில் றொக் யூ, வீ ஆர் த சம்பியன்ஸ். கீபோட், லீட் கிற்றார், பேஸ், ட்ரம்ஸ், பாட மூண்டு பேர். ஃபிரெடி பாடின குயீன் எண்ட றொக் குழுவின்ர பாட்டுகளோட மேடையில பழகின ஆக்கள், எங்க சறுக்கும் எண்டு விவரமா எழுதுங்கோ.

மானிப்பாய் கீபோட்:
தம்பி, முதல் சுருதியை முடிவெடுங்கோ. பொகிமியன் ரப்சடி ஆறரைக் கட்டையில (ஒரு கட்டை எண்டால் C, ஆறரை எண்டால் B♭) தொடங்குது. கிற்றார் சோலோ இரண்டரைக்குப் போகும், பல குரல் அடுக்கின ஒபரா பகுதி ஆறு கட்டையில தொடங்கும், றொக் பகுதி திரும்ப இரண்டரை, கடைசி நாலு கட்டையில முடியும். முதல் பகுதியிலயே, கீபோட்டின்ர நடு ஒண்டுக்கு மேல வாற ஆறரை மட்டும் பாடகர் ஏற வேணும். பழக்கமில்லாத ஆம்பிளைக் குரல் அங்க பாடாது, கத்தும். முழுப் பாட்டையும் ஒரு கட்டை இறக்கி ஐஞ்சரையில எடுக்கிறதுதான் என்ர அபிப்பிராயம். ஃபிரெடியே மேடையில அந்த உச்ச இடங்களைக் கனதரம் கீழ மாத்திப் பாடியிருக்கிறார், அதால ஒருத்தரும் குறை சொல்ல ஏலாது.

இறக்கிறதில இருக்கிற பிழை வேற. சுருதி மாத்திற ரான்ஸ்போஸ் பட்டனை அமத்தினால் கீபோட் மட்டும்தான் இறங்கும். கிற்றாரையும் பேஸையும் அதே அளவு தளர்த்த வேணும், இல்லாட்டி விரல் நிலையை மாத்தவேணும். மெல்லிய 9 நம்பர்க் கம்பி ஒரு கட்டை தளர்த்தினால் தொய்ஞ்சு சுருதி நிக்காது, 10 போடுங்கோ. லப்ரொப்பில ஓடுற ட்ராக் (முதலே பதிஞ்ச இசை) இருந்தால் அதையும் முதலே இறக்கி வைக்க வேணும். அடுத்த பாட்டுக்கு முதல் பட்டனைத் திரும்பச் சீரோவுக்குக் கொண்டுவர மறந்தால் முதல் கோர்டிலயே முழு மேடையும் குலைஞ்சு போகும். பாட்டு வரிசைத் தாளில ஒவ்வொரு பாட்டுக்குப் பக்கத்திலயும் அந்த எண்ணை எழுதி ஒட்டுங்கோ.

ஒபராவை மூண்டு பேர் நேரடியாப் பாட வெளிக்கிடாதேங்கோ. குயீனே மேடையில அதைப் பாடேல்லை. ரேப்பை ஓட விட்டு, வெளிச்சத்தைக் காட்டி, மேடையை விட்டுப் போய், றொக் பகுதிக்குத்தான் திரும்பி வருவினம். 1985 ஆடி 13 லண்டன் வெம்பிளியில நடந்த லைவ் எயிட் நிதி சேர்ப்பு நிகழ்ச்சியில அதுவும் இல்லை, சோலோவோட பாட்டை நிப்பாட்டி ரேடியோ காகா எண்ட அடுத்த பாட்டுக்குப் போட்டினம். உங்களுக்கும் அதுதான் நல்லம். ட்ராக் போடுறதெண்டால் இடது பக்கத்தில கிளிக் (வேகம் காட்டுற "டிக்" சத்தம்), வலது பக்கத்தில ஒபரா. கிளிக் ட்ரம்ஸ்காரரின்ர ஹெட்போனுக்கு மட்டும் போக வேணும். லப்ரொப்பைச் சார்ஜரில குத்தி வச்சால் இரைச்சல் வரும். பற்றரியில ஓட்டி, டிஐ பொக்ஸ் (இரைச்சல் இல்லாமல் சத்தத்தை மிக்சருக்கு அனுப்புற பெட்டி) ஊடாக மிக்சருக்குக் குடுங்கோ.

அரியாலை சவுண்ட்:
திறந்த வெளியில பெரிய சிக்கல் வீ வில் றொக் யூ தான். பாக்க ஆகச் சுகமான பாட்டு: ரெண்டு மிதி, ஒரு தட்டு, ஒரு இடைவெளி. வேகம் நிமிசத்துக்கு 81 அளவு, எண்டால் ஒரு அடிக்கு முக்கால் செக்கன். சத்தம் ஒரு செக்கனில 350 மீற்றர் மட்டில போகும். 70 மீற்றர் பின்னால நிக்கிற சனத்துக்கு உங்கட அடி 0.2 செக்கன் பிந்தித்தான் கேக்கும். அவை தட்டுறது மேடைக்குத் திரும்பி வர இன்னொரு 0.2. முக்கால் செக்கன் அடியில பாதிக்கு மேல பிந்தி வாற கைதட்டலை ட்ரம்ஸ்காரர் பின்பற்றினால் பாட்டு இழுபட்டுக்கொண்டே போகும். முன் வரிசையைப் பாத்துத்தான் தட்ட வேணும், மொனிற்றரில (மேடைக்காரர் கேக்கிற ஸ்பீக்கரில) கிக் ட்ரம் சத்தம் கூட வேணும். லைவ் எயிட்டில 72,000 பேரை ஃபிரெடி "ஏஓ" எண்டு கூவித் திருப்பிக் கூவ வச்சவர். அந்த இடத்தில தாளமே இல்லை. அவர் ஒரு வரி பாடி, பதில் வந்து முடியும் மட்டும் நிண்டு, பிறகுதான் அடுத்ததுக்குப் போறார். அதால எவ்வளவு பிந்தினாலும் குழம்பாது. அந்தப் பொறுமையைப் படியுங்கோ.

1977 ஒலிப்பதிவில வீ வில் றொக் யூவின்ர மிதி-தட்டுக்கு ட்ரம்ஸ் பாவிக்கேல்லை. பலகையில மிதிச்சு, கை தட்டி, அதைப் பல தரம் அடுக்கினவை. ஒவ்வொரு அடுக்கையும் வெவ்வேறு அளவு பிந்த விட்டு, எதிரொலியா இல்லாமல் பெருங்கூட்டமாக் கேக்கச் செய்தவர் குயீன் கிற்றார்காரர் பிரையன் மே. ஒக்ரபாட்டில (மின்சார ட்ரம் பலகையில) ஒரு சத்தத்தை வச்சு அடிச்சால் அந்தக் கனம் வராது. சட்டத்துக்கு மேல பிளைவூட் தாள் ஒண்டு அடிச்சு, கீழ ஒரு மைக் வச்சு, ரெண்டு பேர் மிதிச்சால் வரும்.

ஃபிரெடியின்ர அரை மைக் ஸ்ராண்ட்: ஆரம்ப காலத்தில ஒரு மேடையில அடி கழண்டு போக, மேல் பாதியோடயே பாடி, பேந்து அதையே தன்ர அடையாளமா வச்சிருந்தவர். அப்பிடி ஒண்டு செய்தால் வயரைக் கம்பியோட ஒரு சுத்துச் சுத்திக் கட்டுங்கோ, இல்லாட்டி வீசேக்க பிளக் கழண்டிடும். மைக் தலையை உள்ளங்கையால பொத்திப் பிடிக்கக் கூடாது. பொத்தினால் மைக் எல்லாப் பக்கச் சத்தத்தையும் இழுக்கத் தொடங்கும், மொனிற்றர் ஊளையிடும்.

சுன்னாகம் சங்கீதம்:
ஃபிரெடியின்ர குரலைப் பற்றி. 2016 இல கிறிஸ்ரியன் ஹேர்ப்ஸ்ற் குழு வெளியிட்ட ஆய்வில, அவரின்ர பேச்சுக்குரல் சராசரியா 117 ஹேர்ட்ஸ் அளவில இருந்தது எண்டு கண்டவை. அதால பேச்சில அவர் பரிற்றோன் (நடுத்தர ஆம்பிளைக் குரல்), பாட்டில மேல ஏறினவர் எண்டு ஒரு முடிவு. பாட்டில குரல் அசைவு செக்கனுக்கு ஏழு தரம் மட்டில, வழமையான பாடகரை விடக் கொஞ்சம் வேகம். எங்கட கமகத்தைக் கொண்டுவந்து அதுக்குப் பதிலா வைக்கக் கூடாது. கமகம் சுரத்துக்குச் சுரம் போகும், இது ஒரே சுரத்தைச் சுத்தின சின்ன அதிர்வு. அந்தக் கரகரப்பு, குரல்நாணுக்கு மேல இருக்கிற மடிப்பும் சேர்ந்து அதிர்றதால வாறது எண்டு அந்த ஆய்வு சொல்லுது. தொண்டையை இறுக்கி அதை வரவைக்கப் பாத்தால் ரெண்டு ஒத்திகையில குரல் கம்மிப் போகும். அவருக்கே குரல்நாணில முடிச்சு வந்து, 1975 அமெரிக்கப் பயணத்தில சில நிகழ்ச்சிகளைக் கைவிட வேண்டி வந்தது. குரல் கம்மல் மூண்டு கிழமைக்கு மேல நிண்டால் கசாயத்தோட மினக்கெடாமல் காது மூக்கு தொண்டை வைத்தியரிட்டப் போங்கோ.

வட்டுக்கோட்டை ரெக்கோடிங்:
ஒபரா ட்ராக்கை நீங்களே செய்யிறதெண்டால்: ஒரிஜினலில ஃபிரெடி, மே, ட்ரம்ஸ்காரர் ரோஜர் ரெயிலர் மூண்டு பேரும்தான் அத்தனை குரலும். 24 ட்ராக் ரேப்பில திரும்பத் திரும்ப அடுக்கி, ஒபராவுக்கு மட்டும் மூண்டு கிழமை மட்டில எடுத்தவை. ஆக மேல போற குரல் ரெயிலருடையது. உங்கட மூண்டு பேரும் கீழ், நடு, மேல் மூண்டு வரியையும் ஒவ்வொருத்தரும் ரெண்டு தரம் பாடினால் 18 ட்ராக். ஆளுக்கொரு வரி எண்டு பிரிச்சால் மூண்டு தனிக்குரல்தான் கேக்கும், கூட்டம் வராது. "ஸ்" எண்டு முடியிற சொல்லில ஒரு ட்ராக்கில மட்டும் அந்த எழுத்தை விடுங்கோ, மிச்சத்தில விழுங்குங்கோ.

உரும்பிராய் அறிவிப்பு:
இடையில சொல்லுறதுக்கு. ஃபிரெடியின்ர சொந்தப் பெயர் ஃபரோக் புல்சாரா, 1946 செப்ரெம்பர் 5 சன்சிபாரில பிறந்த பார்சிப் பிள்ளை. இந்தியாவில பஞ்ச்கனி விடுதிப் பள்ளிக்கூடத்தில பியானோ படிச்சு, அங்கயே த ஹெக்ரிக்ஸ் எண்ட குழுவில வாசிச்சவர். 1964 சன்சிபார் புரட்சியோட குடும்பம் லண்டனுக்குப் பக்கத்தில ஃபெல்தமுக்கு ஓடிப் போனது. ஊரை விட்டு வெளிக்கிட்ட சனத்துக்கு முன்னால இதைச் சொல்ல மேலதிக விளக்கம் தேவையில்லை. ஃபெல்தம் வீட்டில 2016 இல நீலப் பலகை வச்சிருக்கினம். சுவிசில மொன்ற்றூ ஏரிக்கரையில சிலை நிக்குது, அங்க இருக்கிற எங்கட ஆக்களிட்டப் படம் கேட்டு வாங்கித் திரையில போடலாம். 1991 கார்த்திகை 23 எயிட்ஸ் இருக்கெண்டு அறிவிச்சு, அடுத்த நாள் காலமானவர், வயது 45. "நீண்டகால நோய்" எண்டு மூடி மறைக்காதேங்கோ. 1992 சித்திரை 20 வெம்பிளி நினைவு நிகழ்ச்சியின்ர காசில எயிட்சுக்கு எதிரான அறக்கட்டளை தொடங்கினவை, அதையும் சொல்லுங்கோ.

கொக்குவில் குரல்:
எல்லாருக்கும் நன்றி. வரிசை எப்பிடி வைக்கிறது, அண்ணை?

மானிப்பாய் கீபோட்:
பொகிமியன் ரப்சடி முதல், குரல் புதுசா இருக்கேக்க. ரெண்டாவது கிரேசி, அது கீழ் ஸ்தாயியில போறதால தொண்டை ஆறும். ஒக்ரபாட்டில நேர் அடி போட்டிடாதேங்கோ, அது சஃபிள் நடை (ஊஞ்சல் மாதிரி நீளமும் குறுகலுமா வாற அடி). பிறகு றொக் யூ, விடாமல் சம்பியன்ஸ். சரணம் ஒரு கட்டை மைனர், கோரஸ் நாலு கட்டை மேஜர், அங்கதான் ஆக மேல ஏறுது. முதல் கோரஸை ரெண்டு பேர் பிரிச்சுப் பாடுங்கோ, கடைசிக் கோரஸில மைக்கைச் சனத்துக்குத் திருப்புங்கோ, ஆனால் மொனிற்றர் பக்கம் திருப்பாமல்.